செவ்வாயில் ஒரு மாலிவாய்

“செவ்வாய்க் கிரகத்துல இருக்கறது எங்க ஊர்ப் பேருதான். உங்க ஊருக்கு வேற பேரு யோசிச்சு வச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டார் மேல்கரை மேயர் லக்சமானா.

கீழ்கரை மேயர் அம்பாரோ மாகாண சபைக் கூடத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

பிலிப்பைன்ஸில் ஓர் ஆற்றின் இரு கரையிலும் மாலிவாய் என்றே இரண்டு ஊர்கள். துபாயிலிருந்து மகள் அனுப்பிய சோப்பு, சாக்லெட் பெட்டியை எதிர்க்கரையில் யாரோ பிரித்துவிடுவார்கள். அப்புறம் அடிதடி. ஓர் ஊர் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று மாகாண சபை சொல்லிவிட்டது.

அந்த நேரத்தில்தான் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு மாலிவாய் என்று பெயர் வைத்த செய்தி வந்தது. ‘பிலிப்பைன்ஸ் நாட்டு ஊர்’ என்பதற்கு மேல் அதில் விவரம் இல்லை. அது எந்த ஊரோ, அந்த ஊரே பெயரை வைத்துக்கொள்ளட்டும் என்றார் சபைத் தலைவர். தீர்ப்புச் சொல்ல மணிலாவிலிருந்து ஒரு வானியல் அம்மையார் போனில் காத்திருந்தார்.

கீழ்கரைக் கவுன்சிலர் நார்சிசோவுக்கு நம்பிக்கையே இல்லை. தோற்கப்போகிற இடத்துக்கு எதற்கு பேண்ட் வாத்தியத்தைக் கூட்டி வந்தீர்கள் என்று காலையிலிருந்தே அம்பாரோவைக் கடிந்துகொண்டிருந்தார்.

லக்சமானா எழுந்தார். போன வருஷம் தன் ஊர் நகரமானது, இரண்டு கல்லூரி, ஒரு பெரிய மால் என்று அடுக்கினார்.

“ஜனத்தொகைய விட்டுட்டீங்களே தம்பி” என்றார் அம்பாரோ.

நார்சிசோ மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

“ரெண்டு லட்சம்.”

“கல்லறையில இருந்து வந்து ஓட்டுப் போட்டாங்களே, அவங்களையும் சேர்த்தா?”

சபை சிரித்தது. லக்சமானாவுக்கு முகம் சிவந்தது. “உயிரோட இருக்கறவங்க மட்டும் ரெண்டு லட்சம். அரசாங்கக் கணக்கு. உங்க ஊர்ல எத்தனை பேரு, அதச் சொல்லுங்க.”

“பத்தாயிரம் தேறும். ஒரே ஒரு சிக்னல் விளக்கு, அதுவும் எரியாது.”

நார்சிசோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

போனிலிருந்து குரல் வந்தது. “அப்ப சந்தேகமே இல்ல, கீழ்கரைதான். அந்த மாதிரி சின்னப் பள்ளத்துக்கு ஒரு லட்சம் பேருக்கும் கம்மியா இருக்கற ஊரோட பேரத்தான் வைப்போம். நேத்து மேயர் அம்பாரோ போன் பண்ணிக் கேட்டப்பவும் இதத்தான் சொன்னேன்.”

அம்பாரோ விசிறியை மடக்கினார். ஜன்னல் வழியே பேண்ட் வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினார்.