மனப்பாடத்தில் இல்லாத வரி

கூடு சிறந்ததா, வளை சிறந்ததா என்று காட்டில் பேச்சுப் போட்டி நடந்தது. கூட்டின் பக்கம் பேச வந்தது குட்டி அணில். மூன்று நாளாக அதை விளையாடக்கூட விடாமல் மனப்பாடம் செய்ய வைத்த தாய் அணில், முன்வரிசையில் உட்கார்ந்து கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தது.

பாதிப் பேச்சில் எதிரணி எலி குறுக்கிட்டது. "காத்தடிச்சா உன் கூடு பொத்துன்னு விழுந்துடுமே, அம்மா கோண்டு!"

கூட்டம் சிரித்தது. குட்டி பேச்சை நிறுத்திவிட்டது. தாய் பதறிப்போய், 'அடுத்த வரியைச் சொல்லுடி' என்று வாயை இன்னும் பெரிதாக அசைத்தது. குட்டி அம்மாவைப் பார்க்கவே இல்லை, எலியைப் பார்த்தது.

"விழும்தான் அண்ணே. ஆனா விழறதுக்கு முன்னாடி ஆடும். ஆடினா நாங்க முழிச்சு ஓடிருவோம். உங்க வளைக்குப் பாம்பு வந்தா, சொல்லிட்டா வரும்?"

எலி மீசையைத் தடவிக்கொண்டே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. காடே ஆரவாரம் செய்தது.

நடுவர் காகம் தாயிடம் பறந்து வந்தது. "பிரமாதம்மா! யார் எழுதிக் கொடுத்தது?"

"நான்தாங்க," என்று தாய் அணில் வாலை நிமிர்த்தியது. "ஆனா நீங்க இப்ப கை தட்டினீங்களே, அது நான் எழுதினதுல இல்லைங்க. அது அவளே பேசினது!"