தங்கத்தாய் குறித்த தேதி

“பூட்டை இழுத்துப் பாருங்க சார். நெல்லையப்பர் தேர இழுக்குத ஆளுவ மொத்தமா வந்தாலும் அசையாது” என்றாள் தங்கத்தாய்.

கலால் அதிகாரி சிவசங்கரன் இழுத்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை, அவருடைய தோள்பட்டைதான் அசைந்தது. இரண்டு தேங்காயை ஒட்டவைத்த பருமனில் தொங்கிய அந்தப் பூட்டைப் பார்க்க, சீவலப்பேரியில் பாதிப் பேர் முற்றத்தில் நின்றார்கள். மீதிப் பேர் வேலிமேல் இருந்தார்கள். டவுண் பஸ்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

சித்த வைத்தியர் மந்திரமூர்த்தி தீராத வலிக்கு ஒரு லேகியம் கிண்டுவார். அதில் சேருகிற கஞ்சா இலையைச் சட்டப்படி வாங்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். மனு வைத்தியர் பெயரில். அலைந்ததெல்லாம் அவர் மனைவி தங்கத்தாய். அவள் ஏறி இறங்கியதில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டு ஒரு சாண் தேய்ந்துபோனதாகப் பியூன்கள் சத்தியம் செய்வார்கள்.

ஒருவழியாக மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. இலை வைக்கும் அறை சரியாக இருந்தால் அங்கேயே தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தருவதாகச் சிவசங்கரன் வாக்குக் கொடுத்திருந்தார். செங்கல்பட்டிலிருந்து அண்மையில்தான் மாற்றலாகி வந்தவர். நல்ல மனுஷர்.

“மயினி, ஒரு சாவிய எங்கிட்ட குடுங்க. பத்திரமா வச்சிக்கிடுதேன்” என்று வேலிமேலிருந்து டீக்கடை நூகு குரல் கொடுத்தான்.

“கொழுந்தனுக்கு டீத்தூள் டப்பாவையே பூட்டத் தெரியாது. கஞ்சா ரூம் சாவி கேக்காரு!”

கூட்டம் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. லேகியம் கிண்டும் சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டாத எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்.

சிவசங்கரன் அறைக்குள் போனார். சன்னல் இல்லை. கூரையோரம் கை நுழையாத ஒரு துவாரம், அதற்கும் கம்பி. இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வீட்டுக்கு, ஒரு சாவி சர்க்காருக்கு.

“பேங்க் லாக்கர் தோத்துதும்மா!”

“ஒண்ணு கேக்கட்டா சார்? இப்படி ஒரு ரூமுக்குள்ள மனுசன் இருந்தா மூச்சு முட்டாதா?”

“இலையைத்தானேம்மா வைக்கப் போறீங்க. இலைக்கு எதுக்கு மூச்சு?”

தங்கத்தாய் அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேசரி கொடுத்தாள். அதில் ஓடிய நெய்யில் ஒரு பரிசலே விடலாம்.

“பிரமாதம்! வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?”

“ஒரே மவன் சார். அவனுக்குத்தான் கிண்டுனேன். பாளையங்கோட்டையில இருக்கான். அஞ்சு வருசம், ரெண்டு முடிஞ்சிட்டு.”

வேலிமேல் இருந்த சத்தம் சட்டென்று அடங்கியது.

“ஓ, சித்தா காலேஜா? அப்பா வழியிலேயே போறான். அடிக்கடி வருவானா?”

“எங்க சார் வர? நாங்கதான் போயிப் பாக்கணும். அதுவும் அவுக விடுத அன்னைக்குத்தான்.”

“ஹாஸ்டல்னா அப்படித்தாம்மா, கண்டிப்பா இருப்பாங்க.”

“ஆனா இன்னைக்கு வந்திருவான் சார். நீங்க கையெழுத்துப் போட்டதும் போய்க் கூட்டிட்டு வந்திருவேன்.”

“ஏளா, சும்மா இரி” என்றார் வைத்தியர். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

லைசென்ஸை மடிமேல் விரித்து, சிவசங்கரன் பேனாவைத் திறந்தார். தங்கத்தாய் பதறிப்போய் ஓடிவந்தாள்.

“சார், சார்! தேதிய நான் சொல்லுதேன்னு அன்னைக்கே சொன்னம்லா? நீங்களும் சரின்னு சொல்லியிருக்கிய.”

“மறக்கலம்மா. நாள் பாத்து வச்சிருக்கேன்னு சொன்னீங்க. கஞ்சாவுக்கு முகூர்த்தம் பாக்குற ஊரை இப்பத்தான் பாக்குறேன்! அடுத்த வளர்பிறையா? ஒரு வாரம் தள்ளினாலும் பரவாயில்ல, அந்தத் தேதியே போட்டுடுவோம். சொல்லுங்க.”

தங்கத்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வீட்டுப் படத்துச் சாமியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“வேண்டாம்ளா” என்றார் வைத்தியர். “வக்கீலும் சொல்லிட்டாரு, நானும் சொல்லிட்டேன். அப்படியெல்லாம் நடக்காதுளா.”

“நீங்க பேசாதிய. சார் நல்லவுக, போடுவாக.” அவள் சிவசங்கரன் பக்கம் குனிந்து, பேனா முனைக்கே காதில் சொல்வதுபோலப் பையச் சொன்னாள். “தொண்ணூத்தி மூணு, ஆடி அமாவாசைக்கு மொத நாளு.”

பேனா நின்றது.

“அம்மா... அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. அதை எப்படிம்மா நான்... எதுக்கு அந்த நாள்?”

தங்கத்தாய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கேசரித் தூக்குவாளி அவள் மடியில் இருந்தது.

“அமாவாசை அன்னைக்குத்தான் சார், இலையோட வந்த எம் மவனப் புடிச்சி ஜெயில்ல போட்டாவ.”