மூன்று கப் குறையுது

“உந்தக் கப்பிலை இனிச் சுடாதை லட்சுமி. அது சரிவராது.”

சிவலட்சுமி மாவைக் கலக்குவதை நிறுத்திவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். குகதாசன் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வயலால் வந்தவன் இன்னும் கைகால் கழுவக்கூட எழும்பவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதன், இன்றைக்கு என்னவோ மஃபின் சுடுவதைப் பற்றிப் பாடம் எடுக்க வந்துவிட்டான்.

“ஏன் சரிவராது?”

“அடி வெளிறிப்போய் ஈரமாய்க் கிடக்கு. மேல் மட்டும்தான் சிவக்குது.”

“தகரத் தட்டிலை வைச்சுச் சுட்டால் அடியும் சிவக்கும். போன முறை சுட்டதை ஆர் திண்டு முடிச்சது? நீங்கள்தானே?”

“கழுவ எவ்வளவு தண்ணி போகுது! கிணறு வத்திக் கிடக்கிற நேரத்திலை எண்ணெய்ப் பிசுக்கோடை மல்லுக்கட்டிறாய். கடதாசிக் கப் எண்டால் சுட்டமா, எறிஞ்சமா எண்டு போயிடும்.”

“கடதாசி பாதிக் கேக்கைத் தன்னோடை பிடிச்சுக்கொண்டு போயிடும். இதைக் கவிட்டால் முழுசாய் விழும். கழுவிப்போட்டு எத்தினை தரமும் பாவிக்கலாம்.”

சுவிஸில் இருக்கும் தங்கை அனுப்பிய பார்சலில் வந்தவை அந்தச் சிலிக்கன் கப்புகள். நல்ல சிவப்பு. அமத்தினால் வளையும், விட்டால் பழையபடி நிமிரும். முரசுமோட்டையில் வேறு எவரிடமும் இப்படி இல்லை என்பதில் சிவலட்சுமிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நாளைக்கு முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளுக்கு மஃபின் சுட்டுத் தரச் சொல்லி அவளிடம்தான் கேட்டிருந்தார்கள்.

கப்புகளைத் தட்டில் அடுக்கினவளின் முகம் கறுத்தது.

“பாத்தியளே, பன்னிரண்டு வந்தது. முதல் ஒண்டைக் காணேல்லை. பிறகு இன்னொண்டு. இண்டைக்குப் பாத்தால் மூண்டு குறையுது.”

குகதாசன் சாரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

“காகமே தூக்கிக்கொண்டு போனது? ஆர் எண்டு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு யதுர்ஷிகாதான். நேற்றும் வந்து, ‘பெரியம்மா, எனக்கொரு சிவப்புக் கப் தாங்கோ’ எண்டு நிண்டவள்.”

“கேட்டு நிக்கிற பிள்ளை ஏன் களவெடுக்குது?”

“நான் குடுக்கேல்லை. அதுதான் எடுத்தவள். இப்பவே தாயிட்டைச் சொல்லப்போறன்.”

யதுர்ஷிகாவின் தாய் சுதாஜினி, புருசன் விட்டுவிட்டுப் போன கோபத்தையெல்லாம் பிள்ளையில் தீர்க்கிறவள். முன்பள்ளியிலிருந்து ஒரு கலர்ப் பென்சிலைக் கொண்டுவந்து விட்டது என்று, கரண்டியைக் காய்ச்சி அந்தப் பிஞ்சுக் கையில் வைத்தவள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

“சொன்னால் அவள் பிள்ளைக்குத் திரும்பவும் சூடு வைப்பாள், லட்சுமி. பாவம் அது.”

“நான் சூடு வைக்கச் சொல்லேல்லை. என்ரை கப்பைத் தந்தால் காணும்.”

“மூண்டு ரப்பர்க் கப்புக்காக…”

“ரப்பர் இல்லை, சிலிக்கன்! நானும் பாக்கிறன், கொஞ்ச நாளாய் உங்கடை போக்கே சரியில்லை. உள்ளுக்கை வெக்கை எண்டு சொல்லி விறாந்தையிலை போய்ப் படுக்கிறியள். என்ன எண்டு கேட்டால் எரிஞ்சு விழுறியள். இப்ப என்ன, பிள்ளைக்காகப் பரிஞ்சு கதைக்கிறியளோ, தாய்க்காகப் பரிஞ்சு கதைக்கிறியளோ?”

சொன்ன பிறகுதான் அது கூடிப்போனது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வாயை விட்டாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், மாக்கையோடு வேலிப் பக்கம் விறுவிறென்று நடந்தாள்.

“லட்சுமி, நில். அங்கை போகாதை!”

குகதாசன் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி கத்தினான். எழும்பவில்லை. எழும்பி வந்து மறிக்கக்கூட மனம் வராத மனிதனுக்கு வாய் மட்டும் எதற்கு என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“சுதாஜினி! எடி சுதாஜினி! மகளையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வா!”

“ஓம் அக்கா, வாறன்.”

சுதாஜினி வேலிக்கு அப்பால் வந்து நின்றாள். யதுர்ஷிகா தாயின் பின்னால் ஒதுங்கி, சூடு பட்ட கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டாள்.

“என்னக்கா? இவள் ஏதும் செய்துபோட்டாளோ?”

சுதாஜினியின் கண் அப்போதே மகளின் பக்கம் திரும்பிவிட்டது. சிவலட்சுமி வாயைத் திறந்தாள்.

“பிள்ளை எடுக்கேல்லை!”

குசினி வாசலிலிருந்து குகதாசனின் குரல் உடைந்து வந்தது.

“நான்தான் எடுத்தனான், லட்சுமி. உள்ளுக்கு வைக்கிற மெத்தை தேஞ்சு கிழிஞ்சுபோச்சு. யாழ்ப்பாணம் போய் மாத்திறதெண்டால் அங்கை நாள்கணக்கிலை நிக்கவேணும், நெல்லு வெட்டு முடியாமல் எப்பிடிப் போறது? உன்னட்டைச் சொன்னால் வயலுக்கு விடமாட்டாய். வெட்டு முடியுமட்டும் இது தாங்கினால் காணும் எண்டு பாத்தனான்.”

சிவலட்சுமி திரும்பிப் பார்த்தாள். கழற்றிய பொய்க்கால் கதிரையோடு சாய்ந்து கிடந்தது. குகதாசன் சாரத்தை ஒதுக்கி, முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த காலின் நுனியிலிருந்து, ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகிய மூன்று கப்புகளை இரத்தத்தோடு உரித்துக்கொண்டிருந்தான்.