செவ்வாய்க்கிழமைத் தூக்கம்

"பட்டப்பகல்ல ஒறங்குதீகளே, இதுக்கா சம்பளம்?"

மேஜைமேல் தலை சாய்த்திருந்த நர்ஸ் ஃப்ளோரா திடுக்கிட்டு எழுந்தாள்.

எதிரே வெள்ளத்துரை முதலாளி. ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். யுத்தம் முடிந்த வருஷம், தாயார் பேரில் காசிமேட்டுக் குப்பத்தில் இந்தத் தர்ம டிஸ்பென்சரியைத் திறந்தவர். திறந்த பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது அபூர்வம்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. யாரும் வரலை. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"ஏன் வரலை? அதைத்தான் கேக்கேன். மத்த நாள் தெரு வரைக்கும் கூட்டமாம். செவ்வாய் மட்டும் காக்கா குருவி கிடையாதுன்னு எங்க கணக்கப்பிள்ளை சொன்னார். வந்து பார்த்தா நெசந்தான். கடைக்கு ஆள் வரலைன்னா, ஒண்ணு சரக்கு கெட்டிருக்கணும், இல்லே கடையில நிக்கிறவன் விரட்டியிருக்கணும். மருந்து நல்ல மருந்து. அப்போ?"

ஃப்ளோராவுக்கே அது புரியாத சங்கதிதான்.

டாக்டர் காலையில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். புண் கழுவுவது, ஊசி போடுவது, மிக்ஸ்சர் கலப்பது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் அவள்தான். ஊற்றி வைத்த டீ ஆறி, அதில் ஈ விழுந்து கிடக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. அந்த ஒரு நாளின் தயவில்தான் மற்ற நாட்களில் நோயாளிகளிடம் சிரிக்க முடிந்தது. காரணம் கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயந்து, யாரையும் கேட்காமலே இருந்துவிட்டாள்.

"நான் யாரையும் விரட்டலை ஐயா. சத்தியமா."

"உதவிக்கு இன்னொரு நர்ஸ் வேணும்னு சொல்லி அனுப்பினீக. இந்த லட்சணத்துக்கா? குப்பத்துல விசாரிக்கப் போறேன். விரட்டினது உண்மைன்னா, நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள்."

அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. ஃப்ளோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளத்துரை குடையை விரித்துக்கொண்டு மணலில் இறங்கினார். கட்டுமரங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு குடிசை வாசலில் கோவிந்தம்மா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை லொக்கு லொக்கென்று இருமியது.

சாட்சி கிடைத்துவிட்டது என்று முதலாளிக்கு ஒரே உற்சாகம்.

"பிள்ளை இப்படி இருமுதே, டிஸ்பென்சரிக்குப் போகலியா?"

"இன்னிக்கு செவ்வாக்கெயம நைனா. நாளிக்கிதான் போவணும்."

"வரக்கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களா? பயப்படாம சொல்லு."

"அய்ய, அதுக்கு இன்னா தெரியும், பாவம்! இது எங்க பஞ்சாயத்து வெச்ச கட்டு. செவ்வாக்கெயம இருமலு, சொறி செரங்குன்னு எவனும் அங்க போவக்கூடாது. மீறிப் போனா அபராதம். புள்ள வலி, ஜொரம், ரத்தக் காயம்னா மட்டும் போலாம்."

"எதுக்கு இப்படி ஒரு கட்டு?"

"ஆடி மாசம் எங்கூட்டுக்காரருக்குக் கால்ல கட்டு போட்டுகினு இருக்கசொல்ல, அந்தம்மா மயங்கி உய்ந்துடுச்சு நைனா. காலீலேந்து பச்சத் தண்ணி குடிக்கலியாம். கண்ணு முயிச்சதும் இன்னா கேட்டுச்சு தெரியுமா? 'கட்டு அவுந்துடுச்சா'ன்னுச்சு. அன்னிக்கே பெரியவங்க கூடிப் பேசிட்டாங்க. செவ்வாக்கெயம கடலுக்கே லீவு வுடறோம், அந்தம்மாவுக்கு வுடக்கூடாதா?"

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அதுகிட்ட சொல்லிடாத நைனா. தெரிஞ்சா மருந்து எடுத்துகினு வூடு வூடா வந்துடும்."

வெள்ளத்துரை குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

"ஆமா, நீ யாரு நைனா? பெரிய மன்சனாட்டம் கீற. அந்த டிஸ்பென்சரி மொதலாளியத் தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லேன், கூட இன்னோர் அம்மாவப் போடச் சொல்லி. அம்மாம் பெரிய தர்மவான், விசயம் தெரிஞ்சா சும்மாவா இருப்பாரு?"