அரை விலைக் கிழங்கு

பிளாரன்ஸ் கொல்லைப்புறத்தில் குத்தவைத்து, சம்பங்கிக் கிழங்குகளைப் பானை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருக்கிறாள். நடவுக் காலம் முடிந்து சந்தையில் மிஞ்சியவை, அரை விலைக்கு வந்தவை. ஆனாலும் கல் போலக் கெட்டியாக இருக்கின்றன. புதுத் துறைமுக வேலைக்குப் பாறை ஏற்றிப்போகும் லாரியின் அதிர்வில் பானைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. பின்வாசல் படியில் அவள் புருஷன், கருவாட்டு வியாபாரி ரோச், காப்பியும் கையுமாக உட்கார்ந்து சிரிக்கிறான். "ஏளா, இந்த வருசமும் அரை வெலைக் கெழங்குதானா? மூணு வருசமா அழுகுதே, இன்னும் புத்தி வரலியா?" தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்லிச் சிரிக்கிறான். மாதா பீடத்துக்கு ஒரு கொத்துப் பூ கொண்டுபோக அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் தெறித்த மண்ணைப் புறங்கையால் துடைக்கிறாள். உதடு கரிக்கிறது. வேர்வைக் கரிப்பு இல்லை இது. மீன் கவுச்சி அடிக்கிறது. பானையைத் திருப்புகிறாள். வெளிப்புறமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ரோச் வருஷக்கணக்காக மீனை உப்பில் ஊறவைத்து, விரிசல் விட்டதும் 'செடி வச்சுக்கோ' என்று தாராளமாகத் தள்ளிவிட்ட பானை. மூன்று வருஷமாக அவள் கிழங்கு நட்டுவரும், வரிசையில் நிற்கும் ஐந்தும் அதே உப்புப் பானைகள்தான். நட்ட கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். ஒரு பானையை மண்ணோடு தூக்கிப்போய், அவனுடைய வெள்ளை வேட்டி மடியில் தொம்மென்று வைக்கிறாள். மதிலுக்கு அந்தப்பக்கம் துணி துவைக்கும் சத்தம் நின்றுபோகிறது.

"நக்கிப் பாருங்க."

சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நிற்கிறது.

"தெருவே பார்க்கட்டும். நக்குங்கன்னேன்."