மூக்குக்குக் கீழே

“மாவுக்கட்டுப் போட்டு என் வாயை அடைக்கணுமா? இதெல்லாம் ஒரு பாடமா டீச்சர்?”

கைவேலை வகுப்பறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் அம்மா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், தரையில் எதையோ தொலைத்தவள் போலப் பின்னால் நின்றாள்.

கைவேலை டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பசை’. நகக்கண்ணில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். இப்போதும் அதைச் சுரண்டிக்கொண்டேதான் பதில் சொன்னார்.

“ஆண்டு விழா நாடகத்துக்கு முகமூடிம்மா. அம்மா முகத்துலயோ அப்பா முகத்துலயோ மாவு தடவின கட்டுத்துணியை நனைச்சு ஒட்டி அச்செடுக்கணும். நெத்தியிலேர்ந்து தாடை வரைக்கும். கண்ணையும் மூக்குத் துளையையும் விட்டுடுவாங்க. இறுகற வரைக்கும் ஒரு இருபது நிமிஷம் வாயை அசைக்கக் கூடாது. அசைச்சா விரிசல் விடும். விட்டா, மறுபடி முதல்லேர்ந்து.”

“ஏன், பலூனை ஊதி அது மேல பேப்பர் ஒட்டினா ஆகாதா? எங்க ஸ்கூல்ல சிஸ்டர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“பலூனெல்லாம் ஒரே மூஞ்சிம்மா.”

“அது சரி. அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குப் போகப் போறவளுக்கு இந்த மாவு வேலை எதுக்கு?”

டீச்சர் நகத்திலிருந்து கண்ணை எடுத்தார். “ஹாஸ்டலா? அவ கேட்டாளா?”

“அவ என்ன கேக்கறது? போறியான்னேன், ‘ம்’னா. இங்கே இருந்தாலும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசற ரகமில்ல. என்னடி, அப்படித்தானே? அப்படித்தான். வர்றோம் டீச்சர்.”

மகள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

படியிறங்கும்போதே அம்மா பொரிந்தாள். “பிள்ளைங்களுக்கு ஒழுங்கா ஒரு பூ வரையச் சொல்லிக் குடுக்கத் துப்பில்ல. பெத்தவங்க வாயை அடைக்கக் கிளம்பிட்டா!”

சனிக்கிழமை. சாப்பாட்டு மேசை மேல் பழைய விரிப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், வெட்டி வைத்த கட்டுத்துணி.

“ரேடியோவுக்கு இருபது நிமிஷம் கரண்ட் கட்டா?” அப்பா செய்தித்தாளை இறக்கினார். “அந்த டீச்சர் அட்ரஸ் குடும்மா, நேர்ல போய் நன்றி சொல்லிட்டு வரேன்.”

“நீங்க முதல்ல எழுந்து போய் அடுப்புல இருக்கிற பாலைப் பாருங்க. இங்கே பாருடி, முடியில ஒட்டுச்சுன்னா உன்னை…”

துணி உதட்டின் மேல் விழுந்தது. மிச்சம் உள்ளேயே நின்றுபோனது.

மகள் விரலால் நீவி நீவி ஒட்டினாள். நெற்றி, கன்னம், தாடை. அம்மா கண்ணை மூடியிருந்தாள். போன் அடித்தது. அவள் கை நீண்டது. மகள் போனை எடுத்து அணைத்துத் தள்ளி வைத்தாள்.

கடைசித் துண்டையும் ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, எனக்கு ஹாஸ்டல் வேணாம்.”

“ம்ம்ம்!”

“அசையாதே. விரிசல் விடும். அன்னைக்கு நான் சொன்ன ‘ம்’ சம்மதம் இல்லம்மா. நீ கேட்டுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டே. நான் சும்மா ‘ம்’னேன்.”

அம்மாவின் விரல்கள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.

“எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ‘அம்மா’ன்னு ஆரம்பிச்சாலே, பசிக்குதான்னு கேப்பே, யூனிஃபார்ம் மடிச்சியான்னு கேப்பே, அப்புறம் நீயே பதிலும் சொல்லிடுவே. சித்திகிட்ட போன்ல சொன்னியே, ‘இவ போனா ஒரு தலைவலி குறையும்’னு. அதான் பேசாம போயிடலாம்னு நினைச்சேன். ஆனா எனக்கு இங்கேதான் இருக்கணும்மா.”

மகள் விரல் நுனியால் கன்னத்துத் துணியைத் தட்டிப் பார்த்தாள். இன்னும் இறுகவில்லை.

துணி இறுகியதும் மகள் மெதுவாகப் பெயர்த்தாள். ஒரு விரிசல்கூட இல்லை.

அம்மா உதட்டிலிருந்த மாவைப் புறங்கையால் துடைத்தாள். மகளைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “என்னங்க! அந்த ஹாஸ்டலுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க.”

“ஏன்? திடீர்னு என்ன?”

“வேணாம்னா வேணாம். பால் என்ன ஆச்சு?”

திங்கட்கிழமை முகமூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் பசை டீச்சர்.

“எல்லாம் நல்லா இறுகியிருக்கு. கண்ணோரத்துல மட்டும் கரைஞ்சிருக்கே. தண்ணி அதிகமா ஊத்திட்டியா?”

“நான் ஊத்தலை டீச்சர்.”

டீச்சர் அந்தக் கண்ணோரத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு முகமூடியைப் பத்திரமாக வைத்தார்.

ஆண்டு விழா அன்று நாடகத்தில் நீதிபதி மேடையேறியதும் அப்பா அம்மாவின் காதருகே குனிந்து கிசுகிசுத்தார். “உன் மூக்குதான். எங்கே பார்த்தாலும் தெரியும். வாயைத்தான் காணோம்!”

உண்மைதான். நீதிபதியின் முகமூடி மூக்கோடு முடிந்திருந்தது. சேவகனுடையதும் அப்படித்தான், திருடனுடையதும் அப்படித்தான். கீழே பிள்ளைகளின் சொந்த வாய்கள் கணீரென்று வசனம் பேசின.

திரை விழுந்ததும் அம்மா நேராக மேடைக்குப் பின்னால் போனாள்.

“என் வாய் எங்கே டீச்சர்?”

பசை டீச்சர் கத்தரியால் மேசைக்கு அடியில் காட்டினார். ஓர் அட்டைப்பெட்டி நிறைய, வெட்டிப் போட்ட வெள்ளை வாய்கள். அத்தனையும் இறுக மூடியவை.

“மேடையில பேசணுமேம்மா. வருஷா வருஷம் அரை முகமூடிதான்.”

“வருஷா வருஷமா? அப்போ எங்க வாய் மேல எதுக்கு ஒட்டச் சொன்னீங்க?”

டீச்சர் நகத்திலிருந்த பசையைச் சுரண்டினார்.

“மூக்கு வரைக்கும் நாடகத்துக்கும்மா. அதுக்குக் கீழே உங்க வீட்டுக்கு.”