ஒன்றே முக்கால் விநாடி

பிளாப்பி டிஸ்க்கை விழுங்கிய கீபோர்டு, பல் போன கிழவன் முறுக்கு மெல்லுவதுபோல் கரகரத்தது.

அவள் மைக்கின் முன்னால் நின்றாள். காதில் ஹெட்போன்.

இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு ஒரு ரெக்கார்டிங்குக்கு அழைத்திருந்தார்கள். முழுப் பாட்டு ஒன்றும் இல்லை. ஒரு ஹம்மிங். நாலு நாளாகத் தயிரைத் தொடவில்லை. விடிந்ததிலிருந்து வாயில் பனங்கற்கண்டு. இதை மட்டும் பாடிவிட்டால் போதும், அப்புறம் எமன் வந்து வாசலில் நின்றாலும் காபி கொடுத்து அனுப்புவேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அழைத்த ஜெரால்டுக்கு முப்பது வயதிருக்கும். பாட்டுகளுக்கு பீட் போடுகிறவன். அவன் கம்ப்யூட்டருக்குள் உலகத்துச் சத்தமெல்லாம் இருந்தது. இடி மட்டுமே நாலாயிரம் வகை. அவன் அதைச் சீண்டுவதில்லை. கல்யாண மண்டபத்து கிரைண்டர் எடையில் ஒரு பழைய சாம்ப்ளிங் கீபோர்டை நாலு ஆள் பிடித்துச் சாலிகிராமத்து மாடிக்கு ஏற்றியிருந்தான். அதில் இரண்டு பேர் இன்னும் நிமிரவில்லை என்று கேள்வி.

ஏன் என்று அவனே சொன்னான்.

ஒரு சத்தத்தைப் பிடித்து இதற்குள் போட்டால், எந்தக் கீயை அமுக்கினாலும் அதையே பாடும். ஆனால் உள்ளே இடம் கிடையாது. சில விநாடிகள்தான். இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். ஒப்பேற்றும்போதுதான் பாட்டு வரும். கம்ப்யூட்டரில் சத்தம் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வருகிறது. இதில் வேர்வையோடு வருகிறது. அந்த அழுக்குக்காக வீட்டையே விற்கலாம் என்றான். அப்பாவின் வீட்டை.

பிறகு ஒரு கீயை அமுக்கினான்.

ஆ...ப்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“கேட்டீங்களா ஆன்ட்டி? கடைசியில ஒரு ‘ப்’ வருதுல்ல. அதுக்குத்தான் நாங்கல்லாம் பைத்தியமா அலையறோம். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது வராது.”

அவளுக்கு அந்த ‘ப்’ தெரியும்.

தொண்ணூற்று நாலு. வெயில் காலம். அன்றைக்கெல்லாம் கதாநாயகி மலைச்சரிவில் ஓட வேண்டுமானால் அவள் ‘ஆ’ பாடியாக வேண்டும். அவள் வாய் திறக்காமல் ஊட்டியில் பனி இறங்கியதே இல்லை. கீபோர்டு வாசிக்கிறவர் புதிதாக வந்த பெட்டியைக் காட்டி, சும்மா டெஸ்டிங்தாம்மா, ஒரே ஒரு ‘ஆ’ என்றார்.

பாடினாள்.

போதுமா சார் என்று கேட்க உதட்டைச் சேர்த்தாள். அதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. ஒன்றே முக்கால் விநாடி.

போதும் என்று அவர் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் தானாகத் தெரிந்தது.

அந்த ‘ஆ’ பிளாப்பியில் ஏறி ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போனது. நடுவில் அமுக்கினால் பெண்கள் கோரஸ். கீழே அமுக்கினால் ஆண்கள். மேலே போனால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்று பாடும். ஒற்றை ஆளாக மூன்று கோரஸின் பிழைப்பிலும் மண்ணை அள்ளிப் போட்டாள். கூடப் பாடியவர்கள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் பிழைப்பில் போட்டதும் அவள்தான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

கதாநாயகிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். அவள் சூளைமேட்டில் பிளவுஸுக்கு ஊக்கு தைத்தாள்.

இப்போது பாடினாள்.

ஜெரால்டு தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு தடவை கேட்டான். நல்லாத்தான் இருக்கு, ஆனால் பெட்டிக்குள் இருக்கிற அம்மாவோடு ஒட்டவில்லை என்றான். கொஞ்சம் அந்த அம்மா மாதிரி பாட வருமா என்று தயங்கித் தயங்கி விசாரித்தான்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“அந்தம்மா நான்தாம்ப்பா.”

அவன் நம்பமாட்டான் என்று நினைத்தாள். நம்பாமல் இருந்தால் நன்றாக ஒரு சண்டை போடலாம். இருபத்தேழு வருஷத்துச் சண்டை அப்படியே கட்டுக் குலையாமல் இருந்தது. ‘ஆ’ பாடிக் காட்டினாள். போதுமா என்று ஆரம்பித்து உதட்டோடு நிறுத்தினாள்.

குரல் வேறு. ‘ப்’ அதே ‘ப்’.

அவன் நம்பிவிட்டான்.

நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. கூட்டாளிகள் நாலு பேரை வீடியோ காலில் கூப்பிட்டான். பெங்களூரில் ஒருவன் படுக்கையில் இருந்தபடியே கைகூப்பினான். இன்னொருவன் ‘ப்’ என்று சொல்லச் சொல்லி, சொன்னதும் அழுதான். கோயில் கட்டி எண்ணெய் ஊற்றாத குறை.

எல்லாம் முடியட்டும் என்று பொறுமையாக இருந்தாள். பிறகு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிச் சரிசெய்து, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள்.

ஜெரால்டு வந்து ஹெட்போனை மெதுவாக எடுத்தான்.

“நீங்களே உள்ள இருக்கீங்களே ஆன்ட்டி. அப்புறம் எதுக்கு உங்களுக்குச் சிரமம்?”

அத்தனை மரியாதையோடு அவளிடம் யாரும் பேசியதில்லை.

ஒரே ஒரு சின்ன வீடியோ மட்டும் வேண்டும் என்றான். கீபோர்டுக்கு முன்னால் அவளை நிறுத்தினான். முந்தானையைச் சரிசெய்யச் சொன்னான். செல்போனை ஸ்டாண்டில் பொருத்தினான். அவள் கீயை அமுக்க வேண்டும். வாயை மட்டும் அசைக்க வேண்டும்.

அமுக்கினாள்.

முதல் டேக்கில் அவளிடமிருந்தும் சத்தம் வந்துவிட்டது. இரண்டும் மோதுகிறது ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க என்று அவன் மன்னிப்பு கேட்டுக்கொண்டான்.

இரண்டாவது டேக் ஓகே.